நார் போகும் வழி

துறையூர்ப் பக்கம் எந்தக் கறிக்கடையை எட்டிப் பார்த்தாலும் நடுவில் ஒரு கட்டை கிடக்கும். பெரும்பாலும் அது புளியங்கட்டைதான். விடிகாலையிலிருந்து அதன் மேல் கத்தி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆட்டுத் தொடை எலும்பு தெறிக்கிறது, கட்டை பிளப்பதில்லை. நடுவில் குழி விழும், ஓரத்தில் சிராய் உரியும். அதைச் செதுக்கிச் சமப்படுத்திவிட்டு மறுபடி வெட்டுவார்கள். அதே கனத்தில் ஒரு சவுக்குக் கட்டையை நிறுத்தி அதே ஆளைக் கோடாலியால் ஒரு போடு போடச் சொன்னால் அது இரண்டாகிவிடும்.

இரண்டும் மரம்தான். சவுக்கு ஒன்றும் மென்மையான மரமில்லை. நன்றாகக் காய்ந்த சவுக்கில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இங்கே பேச்சு கடினத்தைப் பற்றியதல்ல. உள்ளே நார் எப்படி ஓடுகிறது என்பதுதான் வேறுபாடு. கோடாலியிலிருந்து பேண்ட் சா வரை மரத்தைத் தொடும் எல்லாக் கருவியும் இந்த நாரோடு ஏதோ ஒரு விதத்தில் உடன்படிக்கை செய்துகொண்ட கருவிதான். உடன்படிக்கை சரியில்லை என்றால் நம் டீசலும் கரண்டும் முதுகெலும்பும் விரயம்.

மரத்தை உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் அது நெடுக்கு வாட்டில் அடுக்கிய நுண்குழாய்களின் தொகுதி. வைக்கோல் கட்டு ஒன்றை இறுகக் கட்டிப் பசை ஊற்றிக் காயவைத்தது போல. குழாய்ச் சுவர்களில் ஓடுவது செல்லுலோஸ் இழைகள். பசையாக நிற்பது லிக்னின். இழையை அறுப்பது கடினம், பசையை விலக்குவது எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் புதுப் பரப்பை உண்டாக்க, நாருக்குக் குறுக்கே முறிக்கும்போது ஆகும் வேலை, நாரோடு நெடுக்கே பிளக்கும்போது ஆவதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. மரத்தில் இதைவிட முக்கியமான எண் வேறு கிடையாது என்பேன். கட்டையைக் கிடத்திக் குறுக்கே வெட்டாமல், நிறுத்தி வைத்து நெடுக்கே பிளக்கிறோமே, அதற்கு முழுக் காரணமும் இந்த நூறுதான்.

புளியில் நார் நேராக ஓடுவதில்லை. சில காலம் தண்டைச் சுற்றி இடப்புறமாகச் சாய்ந்து வளர்கிறது, பிறகு வலப்புறமாக. அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பின்னிக்கொள்கின்றன. பிளவு ஒரு அடுக்கில் நெடுக்கே ஓடிப் போய் அடுத்த அடுக்கில் குறுக்கு நாரில் முட்டிக்கொண்டு நிற்கும். வேம்பிலும் ஓரளவு இதே கதை. கிளை புறப்பட்ட கணுவும் அப்படித்தான்: தண்டின் நார் செங்குத்தாக, கிளையின் நார் பக்கவாட்டில். விறகு பிளக்கிற பெரியவர்கள், புதிதாகக் கோடாலி பிடிக்கும் பையனுக்குச் சொல்லும் முதல் பாடமே, “கணுவுக்கு எதுக்கப் போடாதடா, வெடிப்பப் பாத்துப் போடு” என்பதாகத்தான் இருக்கும்.

அந்த வெடிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வெட்டிப் போட்டுச் சில வாரமான கட்டையின் முனையில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கோடுகள் தெரியும். மரம் உலரும்போது சுருங்குகிறது; ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நெடுக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்குகிறது. வளையத்தின் சுற்றுவாட்டில் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சுற்றளவு அதிகமாகவும் ஆரம் குறைவாகவும் சுருங்கினால் வட்டம் வட்டமாக இருக்க முடியாது, எங்கேயாவது கிழிந்தாக வேண்டும். மையத்திலிருந்து வெளியே போகும் கதிர்த் திசுக்களின் வழியே கிழிகிறது. கோடாலிக்காரர் தேடும் இடம் அதுதான். பாதி வேலையை உலர்ச்சியே செய்து வைத்திருக்கிறது.

இனி கோடாலி. இரண்டு கிலோ தலை, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து இறங்கினால் 100 ஜூல் ஆற்றல். எடையை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. அதனால்தான் கனத்த சம்மட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிப் போடுகிறவரைவிட, ஒல்லியாக இருந்தும் வீச்சு தெரிந்தவர் அதிகம் பிளக்கிறார். இன்னொரு விஷயம் தலையின் வடிவம். மரத்தை வீழ்த்தும் கோடாலி மெலிந்தது, நாரை அறுக்க வந்தது. அதை விறகு பிளக்கப் பயன்படுத்தினால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். காலால் மிதித்து ஆட்டி எடுக்க வேண்டும். பிளக்கும் கோடாலிக்குக் கன்னம் புடைத்திருக்க வேண்டும். நுனி பிளவைத் தொடங்கி வைத்ததும் அதன் வேலை முடிந்தது. அதன்பின் பிளவு கோடாலிக்கு முன்னால் ஓடுகிறது. கன்னம் இரு பக்கத்தையும் தள்ளி வைத்தால் போதும். இரும்பு ஆப்பும் இதே வேலையைத்தான் நிதானமாகச் செய்கிறது. கூர் மழுங்கிய ஆப்பு பிளப்பதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை, சாய்வு கெட்ட ஆப்புதான் துள்ளி வெளியே வரும்.

கோடாலியை மெஷினாக்கியதுதான் ஹைட்ராலிக் விறகு பிளப்பான். 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தம். பெருக்கிப் பாருங்கள், 10 டன் தள்ளு. அதற்கு 3 குதிரைத்திறன் மோட்டார் போதும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் முழு பாரத்தில் பிஸ்டன் விநாடிக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்கே நகரும். பலத்தைப் பெற வேகத்தைக் கொடுத்திருக்கிறோம், இலவசமாக எதுவும் வரவில்லை. நேர் நார் விறகுக்கு இது அவசியமே இல்லை. புளி, வேம்பு, கணு நிறைந்த சீமைக்கருவேலத் தூர் என்று வந்தால்தான் இந்த மெஷினுக்கு மரியாதை. டிராக்டரின் பின்னால் பூட்டிச் சுழலும் கூம்புத் திருகு இன்னொரு வகை, மலிவானது, வேகமானது. லுங்கி நுனியையும் சட்டைக் கையையும் அது கட்டையைப் போலவேதான் இழுத்துக்கொள்ளும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி இந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மலைக்குப் போவோம். பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. துறையூரிலிருந்து மலைப்பாதை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். காட்டில் உசிலும் பொரசும் நிற்கும் வறண்ட இலையுதிர் மரக்கூட்டம். தோட்டத்தில் முந்திரி, மா, பலா, கொல்லையில் மரவள்ளி. கிழங்கு லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போன பிறகு மரவள்ளிக் குச்சி அடுப்புக்கு வரும். முந்திரியைக் கவாத்து செய்த கிளைகளும் வரும். விறகு என்றால் காட்டை அழிப்பது என்று நகரத்தில் உட்கார்ந்து நினைக்கிறோம். மலை வீட்டு அடுப்பில் எரிவதில் பெரும் பங்கு இப்படிப்பட்ட குச்சியும் கிளையும்தான். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, உண்மை. ஆனால் மாடு குளிப்பாட்டும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சிலிண்டரைத் திறக்கிறவர்கள் எத்தனை பேர்?

ஒரு கிலோ உலர்ந்த மரம், எந்த மரமானாலும், ஏறக்குறைய 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். சவுக்கு கொஞ்சம் கூட, வேறு சில கொஞ்சம் குறைவு. கல்யாண முருங்கையும் கருவேலமும் கிலோவுக்குக் கிலோ கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் சமையல்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முருங்கை கனமற்றது, ஒரு அடுப்பு நிறைய வைத்தாலும் எடை சொற்பம், பொசுக்கென்று எரிந்து அடங்கிவிடும். கருவேலம் அதே இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் எடை நிற்கும், கங்கும் தங்கும். திருச்சியில், ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையலுக்கு விறகு சொல்லும்போது சவுக்கைக் கேட்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: நேராக இருக்கும், சுலபமாகப் பிளக்கும், சற்று ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும்.

அந்த ஈரம்தான் உண்மையான வில்லன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் சுமாராகப் பாதி தண்ணீர். ஒரு டன் பச்சை விறகு வாங்கினால் 500 லிட்டர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எடை மேடையை விட்டு இறங்குகிறோம். அடுப்பில் அந்தத் தண்ணீர் முதலில் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் போய்விடும். கணக்குப் போட்டால், பாதி ஈரமுள்ள ஒரு கிலோ விறகிலிருந்து கிடைப்பது, 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த ஒரு கிலோவிலிருந்து கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. அதோடு போகட்டும் என்றால் அதுவும் இல்லை. ஈரம் தீயின் சூட்டைத் தாழ்த்துகிறது. தாழ்ந்த சூட்டில் மரத்திலிருந்து வரும் வாயுக்கள் முழுதாக எரிவதில்லை. எரியாதது புகையாகச் சமைக்கிறவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகிறது. புகையில்லா அடுப்பு என்று எத்தனையோ திட்டங்கள் வந்தன. பச்சை விறகை வைத்தால் அவற்றில் எதுவும் புகையில்லாமல் எரியாது.

இங்கேதான் பிளப்பதன் இரண்டாவது பயன். மரத்தில் தண்ணீர் நார் வழியே முனைக்கு வருவது எளிது, பக்கவாட்டில் வெளியேறுவது அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெதுவாக. பட்டை இருந்தால் அந்த வழியும் அடைபட்டது போல்தான். ஆகவே நீளக் கட்டையை அப்படியே அடுக்கி வைப்பது காயவைப்பதாகாது. குட்டையாக அறுத்து, பிளந்து, தரையைத் தொடாமல் இரண்டு குறுக்குக் கழியின் மேல், மேலே மட்டும் ஓலையோ தகரமோ போட்டு, பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். தை, மாசியில் வெட்டிப் பிளந்தால் திருச்சி வெயிலும் ஆடிக் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு உள்ளே சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடிக் கட்டுகிறவர்கள் ஈரத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

விறகுக்குப் பிளவு போதும். பலகைக்குப் போதாது. பலா மரம் கதவாக வேண்டும் என்றால் நார் போகும் வழியை நம்பி விட முடியாது. நமக்கு வேண்டிய கோட்டில் போக வேண்டும். அதற்குத்தான் வாள்.

மர அறுவையில் இரண்டு விதப் பல் உண்டு. குறுக்கே அறுக்கும் வாளின் பல் கத்தி முனை போல, ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் கூர். நாரை இரு பக்கமும் வெட்டி நடுவில் உள்ளதை உதிர்க்கிறது. நெடுக்கே அறுக்கும் வாளின் பல் உளி போல; நாரின் நுனியைச் சீவிச் சீவி எடுக்கிறது. ஒன்றின் வேலைக்கு மற்றதைப் போட்டால் வாளும் சூடேறும், ஆளும் சூடேறுவார். இரண்டு வகையிலும் பற்களை இடவலமாகச் சற்றே வளைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் தகடு மரத்துக்குள் நெருக்குண்டு நின்றுவிடும். ஆக, வாள் விடும் தடம் எப்போதும் வாளின் தகட்டைவிட அகலம். அந்தத் தடத்தில் இருந்த மரம் தூளாகப் போயிற்று.

எவ்வளவு போகிறது? 30 சென்டிமீட்டர் சதுரமாகச் செதுக்கிய பலாக் கட்டை ஒன்று. 25 மில்லிமீட்டர் பலகைகளாக அறுக்க வேண்டும். பேண்ட் சாவின் தடம் 2.5 மி.மீ. என்றால் சரியாக 11 பலகை வரும். வட்ட ரம்பத்தின் தடம் 5.5 மி.மீ. என்றால் 10 பலகை. செயின் சாவைச் சட்டத்தில் பூட்டி அறுத்தால் தடம் 8 மி.மீ. போகும், 9 பலகைதான். ஒரே மரம், ஒரே உழைப்பு. வாளின் தடிமன் மட்டுமே இரண்டு பலகையைத் தின்றுவிட்டது. மரம் வளர 40 ஆண்டு ஆகியிருக்கும். மெஷின் விளம்பரங்களில் எத்தனை குதிரைத்திறன் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தடத்தின் அகலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உலகெங்கும் சிறு மர அறுவையை மாற்றியது மெல்லிய பேண்ட் சாவைச் சக்கரத்தில் ஏற்றி மரம் கிடக்கும் இடத்துக்கே கொண்டு போகும் யோசனைதான். 1982இல் அமெரிக்காவின் இண்டியானாவில் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் அதைப் பரவலாக்கியது. கட்டை அசையாமல் கிடக்கும், வாள் தலை தண்டவாளத்தில் நகரும். மெல்லிய வாள் என்பதால் சக்தியும் குறைவாகப் போதும். குறையும் உண்டு: மெல்லிய வாள் கணுவைக் கண்டால் விலகி அலையும், பலகை மேடு பள்ளமாகும், கூர் போடாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. மரத்தில் ஒரு பழைய ஆணி இருந்தால் அன்றைய வேலை முடிந்தது.

செயின் சாவை நான் திட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். பலகைக்குத்தான் அது ஊதாரி; குறுக்கே துண்டு போடுவதற்கு அதற்கு நிகரில்லை. அதன் பல் வந்த கதை சுவையானது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி, ஒரு கட்டைக்குள் துளைத்துப் போய்க்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அந்நாளைய சங்கிலிகளில் குத்திக் கீறும் ஊசிப் பற்கள். அடிக்கடி அரம் போட வேண்டும். புழுவோ நாருக்கு நெடுக்கா குறுக்கா என்று பார்க்காமல், வளைந்த இரு தாடையால் இடமும் வலமும் மாறி மாறிச் சீவிக்கொண்டு போனது. காக்ஸ் அதே வளைவை இரும்பில் செய்து, இடப்பல் வலப்பல் என்று சங்கிலியில் மாற்றி மாற்றிக் கோத்தார். அடுத்த ஆண்டே வீட்டு நிலவறையில் கம்பெனி தொடங்கிவிட்டார். இன்று விற்கும் செயின் சாக்களின் பல் பெரும்பாலும் அந்த வளைவின் வாரிசுதான். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து கொடுக்கிறது. அதை அதிகம் தேய்த்துவிட்டால் வேகமாக அறுக்கும் என்று சிலர் தேய்க்கிறார்கள். அப்போது பல் தன் சக்திக்கு மீறிக் கடிக்கும், மெஷின் கையில் துள்ளும்.

பலகையைப் பேசிவிட்டு மரக்கடைக் கணக்கைப் பேசாமல் விட முடியாது. உருண்டை மரத்தை நம் ஊரில் கன அடியாக அளக்கும் முறை இது: நடுச் சுற்றளவை எடு, நான்கால் வகு, அதை அதனாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு. 4 அடிச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 1 × 1 × 10, ஆகப் பத்து கன அடி. பள்ளிக்கூட வடிவியலைக் கேட்டால் அந்த உருளையின் கன அளவு 12.73 கன அடி. இந்தக் கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78.5 சதவீதத்தை மட்டுமே காட்டும், ஏனென்றால் அந்த விகிதம் பை (π) என்ற எண்ணை நான்கால் வகுத்தால் வருவது. 1736இல் லண்டனில் எட்வர்ட் ஹோப்பஸ் வெளியிட்ட அளவைப் புத்தகத்தோடு இந்த முறை பெயர் பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சியோடு இங்கே வந்து தங்கிவிட்டது. பட்டையும் பக்கச் சிராயும் தூளும் போகத் தேறும் சதுர மரத்துக்கு இது ஒரு மதிப்பீடு என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். கோடாலியால் சதுரம் செதுக்கிய காலத்தில் அது நியாயம்தான். மெல்லிய வாள் வந்த பிறகும், வாங்குகிறவர் மட்டும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு மேலான தள்ளுபடியை விடாமல் வைத்திருக்கிறார். தோட்டத்து மரத்தை விற்கும் விவசாயி இந்த ஒரு பெருக்கலைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது நல்லது.

அறுவை மில்லில் மரம் பலகையாகத் தேறுவது பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். மீதி, சிராயும் தூளும். தூள் வீணில்லை. தகர டின்னில் நடுவே ஒரு கழியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு துளையோடு, தூளை இறுக்கிக் கெட்டித்துவிட்டுக் கழியை உருவினால் மரத்தூள் அடுப்பு தயார். அடியில் கொளுத்திவிட்டால் உள்சுவர் மெல்ல மெல்ல எரிந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கும். எத்தனையோ டீக்கடைகளின் பாய்லரை ஓட்டிய தொழில்நுட்பம் அது. பச்சைமலையின் அடிவாரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத திருச்சி பெல் ஆலையில், அனல்மின் நிலையங்களுக்கான ராட்சத பாய்லர்களைச் செய்கிறார்கள். எரிபொருளை உலர்த்து, பொடியாக்கு, காற்றை அளந்து விடு என்பதுதான் அங்கேயும் நடக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பச்சைமலையில் ஊருக்கு ஒரு அறுவை மில் வைக்கலாமே என்று கேட்கக்கூடாது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் நாடெங்கும் மர அறுவை மில்களின் மீது பிடி இறுகியது. உரிமம் இல்லாமல் நடத்த முடியாது, காட்டை ஒட்டி உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்பு. காட்டின் ஓரத்தில் மில் இருந்தால் காட்டு மரம் இரவோடு இரவாகப் பலகையாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இருந்தது. சந்தன மரம் தன் பட்டா நிலத்தில் நின்றாலும் சொந்தக்காரர் நினைத்தபடி வெட்ட முடியாது. இன்னொரு பக்கம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் புதர்க் குச்சியையும் தூரையும் சிறு வனப்பொருள் என்று ஏற்று, அவற்றின் மீது காட்டுவாசிகளுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. மலைக்குப் பொருந்தும் கருவி எது என்பதற்கு இந்தச் சட்டங்களே பாதி பதில்: நல்ல சாய்வுள்ள பிளவுக் கோடாலி, இரண்டு ஆப்பு, துண்டு போட ஒரு நடுத்தரச் செயின் சா, தகரக் கூரை போட்ட விறகுப் பந்தல். பலகைக்கு மரத்தை உரிய அனுமதியோடு கீழே இறக்கி, மெல்லிய பேண்ட் சா உள்ள மில்லாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

செயின் சா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கிலியைத் தாங்கும் சட்டத்தின் நுனியின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலி மெஷினை முகத்துக்கு நேரே தூக்கி அடிக்கும். கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, மணிக்கட்டு பட்டதும் சங்கிலியை நிறுத்துவதற்காக வைத்தது. பழைய மெஷின்களில் அது உடைந்திருக்கும், அல்லது இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். கடையிலேயே மெஷினை ஓடவிட்டு, அந்தத் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். சங்கிலி அந்தக் கணமே நிற்கவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.